ஐம்பது சென்ட் புல்

1

இந்த வீட்டுக்குக் குடிவந்து ஒரு வருடம் நிறைந்த வாரத்தில் நகராட்சியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. வாழ்த்து அல்ல. என் முற்றத்தில் புல் முழங்காலைத் தாண்டி வளர்ந்துவிட்டதாம். பாம்பு அடையுமாம், கோடையில் தீப்பிடிக்குமாம், தெருவின் அழகு கெடுமாம். பதினான்கு நாளுக்குள் வெட்டாவிட்டால் அவர்களே வந்து வெட்டிவிட்டுச் செலவை என் தலையில் கட்டுவார்களாம். கூடவே ஒரு புகைப்படம். என் வீட்டுப் புல், என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், ஓர் அளவுகோலுக்குப் பக்கத்தில் குற்றவாளி மாதிரி நின்றுகொண்டிருந்தது.

ஊரிலிருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். ஆஸ்திரேலியாவில், கடற்கரையிலிருந்து நான்கு மணி நேரம் உள்ளே போனால் வருகிற ஒரு சிறிய ஊரில் இருக்கிறேன். இங்கே புல் என்பது மாட்டுக்கு அல்ல. மனிதர்களின் ஒழுக்கத்தை அளப்பதற்கு. உரம் போட்டு, தண்ணீர் விட்டு, வளர வளர வெட்டி, வெட்டியதைப் பச்சை நிறத் தொட்டியில் போட்டு, லாரி வந்து அள்ளிப் போவதற்காக வாசலில் வைக்கிறார்கள். பிறகு மறுபடி உரம் போடுகிறார்கள். இதைச் செய்கிறவர்கள்தான் என்னிடம், இந்தியாவில் மாடு நடுரோட்டில் படுத்திருக்குமாமே என்று சிரிக்கிறார்கள். படுத்திருக்கும். ஆனால் எங்கள் மாடு எதற்காக இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியும்.

கடிதம் வந்த அன்று அம்மாவுக்குப் போன் செய்தபோது வாய் தவறி "நோட்டீஸ் வந்திருக்கு" என்று சொல்லிவிட்டேன்.

"ஏட்டி சுகந்தி, வீட்டக் காலி பண்ணச் சொல்லிட்டானுவளா?"

அம்மாவைக் குறை சொல்ல முடியாது. இடுக்கி மலையில் சக்குபள்ளத்தில் ஓர் ஏலத்தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில், பத்துக்குப் பத்து அறையில் நாற்பது வருடம் இருந்தவள். அங்கே நோட்டீஸ் என்றால் அது ஒன்றுதான்.

"இல்லம்மா. இது எங்க சொந்த வீடு. புல்லு வளந்துருச்சாம், வெட்டணுமாம்."

"புல்லு வளந்ததுக்கா நோட்டீசு? அந்த ஊருல மாடே கெடையாதா?"

"மாடு இருக்கு. வீடுகள்ல இல்ல."

"அப்ப அறுத்து என்னத்தச் செய்வ?"

"தொட்டியில போட்டு வெச்சா லாரி வந்து கொண்டு போயிரும்."

"லாரியிலயா? புல்லயா?" அம்மா சிரித்த சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. ஒரு கட்டுப் புல்லுக்காக, வேலை விட்டு வந்த பிறகு இரண்டு கிலோமீட்டர் நடந்தவள் அவள். சிரிக்க அவளுக்கு உரிமை இருந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

2

ஏன் வரவில்லை என்றால், நான் புல்லைத் தொடுவதில்லை.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். மலையிறங்கி, பாலக்காட்டுப் பக்கத்துச் சித்தூருக்குப் போய் கல்லூரியில் படித்தேன். பிரபுவை அங்கேதான் பார்த்தேன். என்னைவிட இரண்டு வருடம் மூத்தவர். வீட்டில் எட்டு ஏக்கர் நெல்வயலும் தென்னந்தோப்பும். இரண்டு பேருமே கேரளத்துத் தமிழர்கள்தான். ஆனால் அவர்கள் கோயம்புத்தூர்க்காரர்கள் மாதிரி பேசுவார்கள், நாங்கள் திருநெல்வேலிக்காரர்கள் மாதிரி. இடையில் இருந்தது அந்த வித்தியாசம் மட்டும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவர் வீட்டுக்கு முதல் தடவை போன அன்று, பக்கத்து அறையில் காப்பி டம்ளரோடு உட்கார்ந்திருந்தேன். அவருடைய அம்மா தன் அண்ணனிடம் சொன்னது சுவர் வழியாக அல்ல, கதவு வழியாகவே கேட்டது.

"ஏனுங்ணா, ஏலக்காட்டுல புல்லு செதுக்கற கூட்டத்துலீங்களா பொண்ணெடுக்கறது?"

நான் காப்பியைக் குடித்து முடித்தேன். கல்யாணமும் நடந்தது. ஆனால் அன்று ஒரு முடிவு எடுத்தேன். இனி என் கையில் அரிவாளையோ மண்வெட்டியையோ யாரும் பார்க்கக் கூடாது. அந்த அம்மா பார்க்கவே கூடாது. பத்து வருடம் அப்படியே இருந்தேன். கோயம்புத்தூரில் அடுக்குமாடி, இங்கே வந்தபின் அடுக்குமாடி. ஜன்னலில் ஒரு துளசிச் செடிகூட வைத்ததில்லை. மருத்துவமனை ஆய்வகத்தில் ரத்தம் பரிசோதிக்கிறேன். என் கையில் இருப்பது கையுறை.

பிறகு பிரபுவுக்கு மண் ஆசை வந்தது. நிலம் வைத்திருந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு அது ஒரு வயதில் வரும் போலிருக்கிறது. அரை ஏக்கரோடு இந்த வீட்டை வாங்கினோம். வாங்கிய கையோடு சுரங்கத்தில் லாரி பழுது பார்க்கும் வேலை கிடைத்தது அவருக்கு. இரண்டு வாரம் அங்கே, ஒரு வாரம் இங்கே. பழைய வீட்டுக்காரர் விட்டுப்போன ஒரு மிஷினை வைத்து, வீட்டில் இருக்கிற வாரத்தில் அவரே வெட்டினார். குளிர்காலம் முடிகிற சமயத்தில் அது புகை விட்டு நின்றுபோனது. மழை பெய்தது. அதற்கு மேல் உங்களுக்குத் தெரியும்.

3

நகராட்சிக்குக் கால அவகாசம் கேட்டு மின்னஞ்சல் எழுதினேன். பஞ்சாயத்து ஆபீசுக்கும் வில்லேஜ் ஆபீசுக்கும் சிறுவயதிலிருந்து லயத்துக்கே மனு எழுதிக் கொடுத்தவள் நான். எனக்கு எழுதத் தெரியும். மேன்மை தாங்கிய தங்கள் சமூகத்துக்கு என்று ஆரம்பித்து, கணவர் ஊரில் இல்லாத நிலை, இயந்திரம் பழுதான விதம், தங்கள் கனிவான பரிசீலனை எல்லாவற்றையும் நல்ல ஆங்கிலத்தில் இரண்டு பக்கத்துக்கு வைத்தேன்.

பத்து நிமிடத்தில் பதில் வந்தது. "ஹாய் சுகந்தி, கவலை வேண்டாம். பதினான்கு நாள்தான். நல்ல நாளாக அமையட்டும்."

இவர்களுடைய மரியாதையின்மையைவிட இவர்களுடைய சிநேகம்தான் தாங்க முடியாதது.

4

பிரபுவிடம் போனில் சொன்னேன். அவர் தங்கும் முகாமில் சாப்பாட்டு நேரம். பின்னால் தட்டுச் சத்தம்.

"புது மிஷின் வாங்கிரலாம். ரைடு-ஆன். நல்லா பெரிசா, உக்காந்து ஓட்டறது."

"யாரு ஓட்டுறது? நீங்க வர்றதுக்குள்ள நாள் முடிஞ்சிரும்."

"நீதான் ஓட்டோணும்."

"நான் புல்லு வெட்ட மாட்டேன்னு உங்களுக்குத் தெரியும்."

"அட, வெட்டறதில்லைங்கறேன். ஓட்டறது. உக்காந்து வெட்டுனா அதை யாரும் வெட்டறதுன்னு சொல்ல மாட்டாங்க. ஓட்டறதுன்னுதான் சொல்லுவாங்க. அம்மாகிட்டக்கூடச் சொல்லிட்டேன், வண்டி வாங்கறோம்னு."

எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தன. ஆனால் உண்மையைச் சொல்கிறேன், அந்த வாதம் எனக்குப் பிடித்திருந்தது. குனிந்தால் கூலி, உட்கார்ந்தால் முதலாளி. இந்த நாட்டிலும் அதே கணக்குத்தான். பக்கத்து வீட்டு கென் ஒவ்வொரு வார இறுதியிலும் சிவப்பு ரைடு-ஆனில் ஏறி, தொப்பி வைத்து, ஒரு கையில் பானத்தோடு சுற்றுகிறார். யாரும் அவரைப் புல் வெட்டுகிறவர் என்று சொல்லவில்லை. இந்த ஊரில் உள்ள நம் தமிழ், மலையாளி ஆண்கள் அதைப் பார்த்து ஏங்குகிறார்கள். ஊரில் தேங்காய் பொறுக்கக்கூடக் குனியாதவர்கள், இங்கே விருந்துகளில் கூடி நின்று எத்தனை குதிரைசக்தி, எத்தனை அங்குல வெட்டு என்று அரைமணி நேரம் பேசுகிறார்கள். மனைவிமார் பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பார்கள். அதற்குக் குதிரைசக்தி கிடையாது.

அன்று மாலையே சித்தூரிலிருந்து அத்தை வீடியோவில் வந்தார். "ஏங்கண்ணு, டிராக்டர் வாங்கறீங்களாமே? இங்க எல்லார்த்துகிட்டயும் சொல்லிட்டேன். என்ற பையன் அங்க போயும் விவசாயத்தை உடலை பாரு!"

சரி, ஓட்டிவிடலாம் என்று முடிவு செய்தேன். வெட்டாமல், ஓட்டிவிடலாம்.

5

சனிக்கிழமை காலை மகள் ரியாவைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனேன். ரியாவுக்கு எட்டு வயது. வெள்ளைக்காரர்கள் வாய்க்குச் சுலபமாக இருக்கட்டும் என்று அவள் அப்பா வைத்த பெயர். சுலபமாகத்தான் இருக்கிறது. அவளும் அவர்களுக்குச் சுலபமாகிவிட்டாள்.

விற்பனையாளர் இளஞ்சிவப்புக் கன்னங்களும் நல்ல பல்வரிசையும் உள்ள மனிதர். என்னைப் பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, வீட்டுக்காரர் எப்போது வருவார் என்பது. வரமாட்டார் என்றேன். உடனே மூலையில் இருந்த ஒரு சின்ன மிஷினைக் காட்டினார். பொம்மை மாதிரி. லேசாக இருக்குமாம், சத்தமே வராதாம், பெண்களுக்கு மிகவும் பிடிக்குமாம்.

"பெரியது வேண்டும்" என்றேன்.

"உங்கள் முற்றம் எவ்வளவு?"

நான் நிமிர்ந்து நின்று, தெளிவாகச் சொன்னேன். "ஐம்பது சென்ட்."

அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். கேரளத்தில் மூன்று சென்ட் நிலப் பட்டயத்துக்காக இருபது வருடம் ஆபீஸ் ஏறி இறங்கியவர்களை எனக்குத் தெரியும். என் வாழ்நாளில் நான் உச்சரித்த மிகப் பெருமையான அளவு அது.

"ஐம்பது சென்ட்டா? அந்த விலைக்கென்றால் நானே வாங்கிக்கொள்கிறேன்" என்றார். பக்கத்தில் நின்ற இன்னொரு ஊழியரும் சிரித்தார்.

அப்போதும் எனக்குப் புரியவில்லை. விற்பதற்கில்லை என்று வேறு சொன்னேன். சிரிப்பு பெரிதானது. அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு நாணயத்தை எடுத்து நீட்டிக் காட்டியபோதுதான் விளங்கியது. இந்த நாட்டில் சென்ட் என்றால் நிலம் இல்லை. சில்லறை.

"அரை ஏக்கர்" என்றேன். முகம் சுட்டது. ரியாவைத் தேடினேன். அவள் தண்ணீர்க் குழாய்கள் சுற்றி வைத்திருந்த அலமாரிக்குப் பக்கத்தில், யாரோ ஒரு குடும்பத்தைச் சேர்ந்த பிள்ளை மாதிரி நின்றுகொண்டிருந்தாள். கூப்பிட்டேன். திரும்பவில்லை. கிட்டே போனதும், உதடு அசையாமல், "அம்மா, ப்ளீஸ். நீ பேசாம கையாலே காட்டு" என்றாள்.

எட்டு வருடமாக நான் ஊட்டிய தமிழில் அவள் எனக்குச் சொன்ன முழு வாக்கியம் அது. இலக்கணப் பிழை இல்லை.

6

கையால் காட்டவில்லை. கேள்விகளால் காட்டினேன்.

விற்பனையாளர் என்னை ஒரு பச்சை ரைடு-ஆனில் ஏற்றி உட்கார வைத்தார். சுகமாக இருந்தது, மறைக்க மாட்டேன். ஜீப்பில் உட்கார்ந்தபடி, அம்மாவும் மற்றவர்களும் தங்கள் தங்கள் நிரையில் குனிந்திருப்பதைப் பார்த்துவிட்டுப் போகும் தோட்டத்துக் கண்டக்டர் மாதிரி இருந்தேன். நிரை என்றால் வேலைக்காரர்களுக்கு ஆளுக்கொன்றாகப் பிரித்துக் கொடுக்கும் வரிசை. கண்டக்டர் வேலையை மேற்பார்ப்பவர்; அவருக்கு நிரை கிடையாது. கண் மட்டும்தான்.

இறங்காமலே கையேட்டைக் கேட்டு வாங்கிப் படித்தேன். வாங்குகிறவர்கள் யாரும் அதைப் படிப்பதில்லை போல. அவர் வியந்து நின்றார். என் முற்றத்தின் பின்பாதி ஓடையை நோக்கிச் சரிகிறது. முந்தின நாளே போனை மண்ணில் வைத்துச் சரிவை அளந்திருந்தேன்.

"இதைப் பதினைந்து டிகிரிக்கு மேல் சரிவில் ஓட்டக் கூடாது என்று போட்டிருக்கிறதே. என் சரிவு இருபது."

"எல்லோரும் ஓட்டுகிறார்கள்" என்றார்.

"கவிழ்ந்தால்?"

"மெதுவாக ஓட்டுங்கள்."

"ஈரப் புல்லில்?"

அவர் பல்வரிசை மறைந்தது. எனக்குச் சரிவைப் பற்றிப் பாடம் எடுக்க அவருக்கு வயது போதாது. நான் சரிவிலேயே நடை பழகியவள். மலையில் எந்த வேலையையும் மேலிருந்து கீழாக யாரும் செய்வதில்லை. குறுக்கே போக வேண்டும். வழுக்கினாலும் வெட்டுக்கருவி நம் மேல் வராது. உட்கார்ந்து ஓட்டுகிற வண்டி குறுக்கே போனால் கவிழும். தள்ளிக்கொண்டு போகிற மிஷின்தான் குறுக்கே போகும்.

ஒவ்வொன்றாகக் கழித்தேன். தானாக ஊர்ந்து வெட்டும் தட்டு மாதிரியான ரோபோ, முழங்கால் உயரப் புல்லில் தொலைந்துபோகும். பேட்டரி மிஷினுக்கு அரை ஏக்கர் முடிக்க மூன்று பேட்டரி வேண்டும். கடைசியில் மிச்சமானது ஒரு பெட்ரோல் மிஷின். பின்சக்கரம் தானாக உருளும், வெட்டு அகலம், கத்தியைப் பல படிகளில் ஏற்றி இறக்கலாம். சரிவில் ஏறத் தெம்பு உண்டு. ஆனால் அதற்கு இருக்கை இல்லை. அதன் பின்னால் ஒருவர் நடக்க வேண்டும்.

அந்த இடத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். அறிவு ஒன்றைச் சொன்னது. பத்து வருட வீம்பு இன்னொன்றைச் சொன்னது. தப்பான மிஷினை, தப்பென்று தெரிந்தே, உட்காரலாம் என்பதற்காக வாங்குவதா? அதற்காகவா படித்தேன்?

நடக்கிற மிஷினை வாங்கினேன். விற்பனையாளர் அதைக் காரில் ஏற்றும்போது, கணவர் கோபித்துக்கொள்ளப் போகிறார் என்றார். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவர் சொன்னது சரி.

7

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு ஆரம்பித்தேன். உயரமான புல்லை ஒரே மூச்சில் தரையோடு எடுத்தால் மிஷின் மூச்சுத் திணறும், வேரும் காய்ந்துபோகும். கத்தியை மேல் படியில் வைத்து ஒரு முறை, இறக்கி ஒரு முறை. முதல் பத்து நிமிடம் தெருவையே பார்த்துக்கொண்டு தள்ளினேன். பிறகு தெரு மறந்துபோனது. என் உடம்புக்கு இந்த வேலை தெரிந்திருந்தது. நான் யாரிடமும் கற்றுக்கொள்ளவில்லை, மறைத்துத்தான் வைத்திருந்தேன். கென் வேலிக்கு அப்பால் சிவப்பு வண்டியை நிறுத்திவிட்டு, கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். நகராட்சிக்குப் புகார் கொடுத்தது அவரா என்று எனக்குத் தெரியாது. பதிலுக்கு நானும் உயர்த்தினேன், சந்தேகத்தோடு.

என்ன மிஷின், எப்போது வெட்டப் போகிறேன் என்று முந்தின இரவே பிரபுவிடம் சொல்லியிருந்தேன். சரிவில் பாதி முடித்தபோது அவரிடமிருந்து செய்தி வந்தது. "அம்மா கூப்பிடுவாங்க. வெளிய நின்னு எடுக்காதே. உள்ள போய் எடு."

மிஷினை நிறுத்தினேன். செய்தியை இரண்டு முறை படித்தேன். மூன்றாவது முறை படிப்பதற்குள் அத்தையின் அழைப்பு வந்துவிட்டது. நின்ற இடத்திலேயே எடுத்தேன். நெற்றியிலிருந்து வியர்வை வழிந்துகொண்டிருந்தது. துடைக்கவில்லை.

"ஏங்கண்ணு, இதென்ன கோலம்? டிராக்டர் எங்க?"

"டிராக்டர் இல்ல அத்தை. இதான் மிஷின்." கேமராவைத் திருப்பிக் காட்டினேன்.

"இதைத் தள்ளறதாட்டமல்ல இருக்குது. யாரு தள்ளறது?"

"நான்தான்."

அத்தையின் கண்கள் திரையில் என் முற்றத்தை ஓரத்திலிருந்து ஓரம்வரை அளந்துகொண்டிருந்தன. பிறகு சொன்னார்.

"வேலியோரமா ஒரு வரிசை உட்டுப்போட்ட பாரு."

எட்டு ஏக்கரின் பழக்கம். புல் வெட்டுகிற ஒருத்தியைக் கண்டால், விட்டுப்போன வரிசைதான் முதலில் கண்ணில் படும். என்னை அவமானப்படுத்த வேண்டும் என்றுகூட அவர் நினைக்கவில்லை. அதுதான் எனக்குச் சுருக்கென்று பட்டது.

"பாத்துட்டேன் அத்தை. உங்க பையனுக்குன்னு விட்டு வெச்சிருக்கேன். வந்து வெட்டட்டும்."

"அவனா? அவனுக்கு இதெல்லாம் எங்கீங்கண்ணு வரும்?"

"வராது. அதனாலதான் நான் வெட்டுறேன்." வெட்டுறேன் என்றே சொன்னேன். ஓட்டுகிறேன் என்று சொல்லவில்லை.

8

பத்தே நிமிடத்தில் பிரபுவின் போன். அம்மா அழுகிறாராம். சொந்தக்காரர்கள் என்ன பேசுவார்களாம்.

"பேசுறவங்க யாரும் இங்க வந்து வெட்டித் தரப் போறதில்ல" என்றேன்.

"நீதானே பத்து வருசமா புல்லைத் தொட மாட்டேன்னே? இப்ப நடு முத்தத்துல நின்னு அம்மாவுக்குக் காட்டற?"

அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது; அதுதான் எரிச்சல். இத்தனை வருடம் புல்லைத் தொடாமல் இருந்ததை என் கௌரவம் என்று நினைத்திருந்தேன். அது அந்த வீட்டில் கதவு வழியாகக் கேட்ட ஒரு வாக்கியத்துக்கு நான் கொடுத்துவந்த பணிவு. அவர்கள் கேவலம் என்றார்கள். நான் சரிங்க என்று கையை மறைத்துக்கொண்டேன். இதற்குப் பெயர் வைராக்கியமாம். இந்த ஊர்க்காரர்களையும் அந்த ஊர்க்காரர்களையும் இவ்வளவு இளக்காரம் செய்கிற நான், அதில் ஒரு பங்கை எனக்கும் ஒதுக்க வேண்டியிருக்கிறது.

"அப்பத் தப்பாச் சொன்னேன்" என்றேன். "இப்பத் திருத்திக்கிட்டேன்."

பிரபு மூச்சு விட்டார். அவர் கெட்டவர் இல்லை. இரண்டு பக்கமும் நல்ல பெயர் வேண்டும் என்று நினைக்கிறவர், அவ்வளவுதான். குரலைத் தணித்து ஒரு சமாதானம் வைத்தார். அவருடைய அம்மாவுக்கு விசா வந்துவிட்டது. இன்னும் ஐந்து வாரத்தில் வருகிறார். அதற்குள் ஒரு ரைடு-ஆனும் வாங்கி முன்பக்கத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். அம்மா இருக்கிற வாரங்களில் பிரபுவே ஓட்டுவார். நான் அந்த நாட்களில் மிஷின் பக்கம் வராமல் இருந்தால் போதும்.

"ரைடு-ஆன் வேண்டாம்" என்றேன். "அத்தை உக்கார வேற ஒண்ணு வாங்குறேன்."

நகராட்சியிலிருந்து வந்தவர் பன்னிரண்டாம் நாள் முற்றத்தைப் படம் எடுத்து, நன்றி சொல்லி, கோப்பை மூடிவிட்டார். வேலியோரத்து வரிசை மட்டும் இன்னும் நிற்கிறது. அதற்கு அவர் ஆட்சேபம் சொல்லவில்லை.

நேற்றுக் கடைக்குப் போய் ஒரு நாற்காலி வாங்கி வந்தேன். சாய்ந்து உட்காரலாம், கைவைக்க இடம் உண்டு, காலை நீட்டிக்கொள்ளவும் பலகை உண்டு. சரிவு தொடங்குகிற இடத்தில், வெயில் படாத மரத்தடியில் போட்டிருக்கிறேன். அங்கே உட்கார்ந்தால் முன்பக்கம், பின்பக்கம், ஓடைவரைக்கும் எல்லா வரிசையும் தெரியும். அத்தை வந்து உட்காரும்போது புல் நன்றாக வளர்ந்திருக்கும்.